கடைசியாகப் புதுப்பிக்கப்பட்டது: இன்று

இந்த நாற்காலி நன்றாக இருக்கிறது, மேடம். முதுகுக்குச் சாய்வு சரியான இடத்தில் வருகிறது. பதினோரு வருடமாகச் சாப்பாட்டு மேசையின் மர நாற்காலியில், ஒரு தலையணையை முட்டுக்கொடுத்து உட்கார்ந்து எழுதியவள் நான். நல்ல நாற்காலி ஒன்று வாங்க வேண்டும் என்று வருடா வருடம் நினைப்பேன். அதற்குள் வேறு ஏதாவது வேலை வந்துவிடும்.

உங்கள் ஸ்டேஷன் ரைட்டர் எழுதிக் கொடுத்த வாக்குமூலத்தைப் படித்துப் பார்த்தேன். அதில் தப்பு என்று பெரிதாக எதுவும் இல்லை. ஆனால் பாப்பாவைப் பதினான்கு இடங்களில் 'மேற்படி நபர்' என்று குறிப்பிட்டிருக்கிறார். அவளை யாரும் அப்படிச் சொன்னதில்லை. அதனால்தான் நானே எழுதித் தருகிறேன் என்று கேட்டேன். என் வேலையும் அதுதானே.

பாப்பா என் வீட்டுக்காரரின் தங்கை. கடைசிப் பிள்ளை என்பதால் வந்த பெயர், முப்பத்தாறு வயதிலும் உதிராமல் ஒட்டிக்கொண்டிருந்தது. மாமியார் இறந்த பிறகு, ஒரு பெட்டியும் ஒரு தையல் மெஷினுமாக எங்கள் வீட்டுக்கு வந்தாள். அப்போது என் மகளுக்கு ஒன்றரை வயது.

வீட்டிலிருந்தே இணையத்துக்கு எழுதுகிறேன் என்றால் கேட்கிறவர்கள், கொடுத்து வைத்தவள் என்பார்கள். வேலை இதுதான். திங்கட்கிழமை காலையில் ஒரு பட்டியல் வரும். பத்துப் பன்னிரண்டு தலைப்புகள் இருக்கும். சட்டையில் மை பட்டால் என்ன செய்வது, குழந்தை விரல் சூப்பினால் என்ன செய்வது, மெத்தை வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும். ஜனங்கள் தேடும் பெட்டியில் என்ன கேட்கிறார்களோ, அதுவே எங்களுக்குத் தலைப்பு. பட்டியலில் இல்லாததை நாங்களாக எழுதிப் போட்டாலும் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள். வெள்ளிக்கிழமைக்குள் பட்டியலை முடித்துவிட வேண்டும். முடிக்காவிட்டால் அடுத்த திங்கட்கிழமை பட்டியல் வராது. யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள், காரணமும் சொல்ல மாட்டார்கள். அப்படி இரண்டு தளங்கள் என்னை விட்டுப் போயின.

எங்கள் பெயரில் எதுவும் வராது. தளத்தில் ஒரு டாக்டர் இருந்தார், ஒரு குடும்பநல ஆலோசகர் இருந்தார், ஒரு வீட்டுப் பராமரிப்பு நிபுணர் இருந்தார். மூன்று பேருக்கும் சிரித்த முகத்தோடு புகைப்படம் உண்டு. மூன்று பேரும் நான்தான். இதை வெளியில் சொல்லக்கூடாது என்பது ஒப்பந்தம். வீட்டில் மெத்தையையும் துவைக்கும் மெஷினையும் பற்றி மட்டும் சொல்லி வைத்திருந்தேன்.

என் வீட்டுக்காரர் பாலம் கட்டும் கம்பெனியில் மேற்பார்வையாளர். இரண்டு வாரத்துக்கு ஒரு சனிக்கிழமைதான் வீடு. பாப்பா வருவதற்கு முன்னால் நான் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு ஒற்றைக் கையால் எழுதினேன். குக்கர் கத்தும், அழைப்பு மணி அடிக்கும், குழந்தை விசைப்பலகையின் ஒரு எழுத்தைப் பிடுங்கி வாயில் போட்டுக்கொள்ளும். அந்த ஒன்றரை வருடத்தில் ஒரு வாக்கியத்தைக்கூட நான் ஒரே மூச்சில் முடித்ததாக நினைவில்லை.

பாப்பா வந்த மூன்றாவது நாள், குழந்தையை என் மடியிலிருந்து தூக்கினாள்.

"நீங்க உள்ள போய் வேலையப் பாருங்க அண்ணி. இவ என்னோட பொறுப்பு."

நான் உள்ளே போனேன். அவள் கதவைச் சாத்தினாள். மேடம், அந்தக் கதவு சாத்திய சத்தத்தை உங்களுக்கு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. நான் கொஞ்ச நேரம் ஒன்றும் எழுதாமல் சும்மா உட்கார்ந்திருந்தேன். பதினோரு மணிக்கு டீ வந்தது. ஸ்டூலில் வைத்துவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் போனாள். ஏழு வருடம் அப்படித்தான். கூடத்தில் அவள் தையல் மெஷின் ஓடும். நான் தட்டுவது கொஞ்ச நேரம் நின்றால் வெளியிலிருந்து குரல் வரும்.

"என்ன அண்ணி, மெத்தையப் பத்தி எழுதி எழுதி அதுலயே படுத்துட்டீங்களா?"

அவள் மீது எனக்குப் பாசம் உண்டு. இதை எல்லோரும் சொல்வார்கள். நீங்கள் விசாரித்துப் பார்க்கலாம்.

இனி அந்த லிஃப்ட் மெக்கானிக். நாங்கள் இருப்பது ஐந்தாவது மாடி. ஒரு நாள் காய்கறிப் பையோடு பாப்பா வந்த லிஃப்ட் மூன்றுக்கும் நான்குக்கும் நடுவில் நின்றுவிட்டது. நான் படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் வந்து கதவு இடுக்கில் வாயை வைத்துக் கேட்டார்.

"உள்ள யாருங்க?"

"நான்தான்."

"நான்தான்னா யாரு?"

"அஞ்சாவது மாடிப் பாப்பா."

"பாப்பாவா? அழக்கூடாது கண்ணு. மாமா வந்துட்டேன்ல? ஒண்ணு, ரெண்டு சொல்லு பாப்போம். நூறு வரைக்கும் தெரியுமா?"

உள்ளிருந்து பாப்பா சிரிப்பை அடக்கிக்கொண்டு நூறு வரை எண்ணினாள். நடுவில் வேண்டுமென்றே நாற்பதைத் தாவினாள். "நாப்பத விட்டுட்டியே செல்லம்," என்று அவர் திருத்தினார். கதவு திறந்தபோது முப்பத்தாறு வயதுப் பெண் முருங்கைக்காயோடு நிற்கிறாள். அந்த மனிதர் காது மடல் வரை சிவந்து போனார். அவருக்கும் நாற்பது வயதுதான். இரண்டு தங்கைகளுக்குக் கல்யாணம் செய்து வைத்துவிட்டுத் தன்னை மறந்தவர்.

அந்த வருடம் ஓடியதைப்போல எங்கள் கட்டடத்து லிஃப்ட் எப்போதும் ஓடியதில்லை. வாரம் தவறாமல் எண்ணெய் போட்டார். மூன்று மாதம் கழித்து, என் வீட்டுக்காரர் ஊரில் இருந்த ஒரு சனிக்கிழமை, இஸ்திரி போட்ட சட்டையோடு வந்து பெண் கேட்டார். என் வீட்டுக்காரருக்கு ஒரே சந்தோஷம். பாப்பா மட்டும் ஒரு மாதம் யோசிக்க வேண்டும் என்றாள்.

அவளுக்குச் சின்ன வயதில் இதயத்தில் ஓட்டை இருந்ததாம். பத்து வயதுக்குள் தானாகவே மூடிவிட்டது, இனி இந்தப் பக்கமே வரவேண்டாம் என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருக்கிறார். ஆனால் மாமியார் விடவில்லை. மாடிப்படி ஏறாதே, ஓடாதே என்று கடைசிவரை சொல்லியே வளர்த்திருக்கிறார். கல்யாணம் என்று வந்ததும் பாப்பாவுக்கு அந்தப் பழைய பயம் எழுந்துவிட்டது. யாரிடமும் கேட்க அவளுக்குக் கூச்சம். போனிடம் கேட்டாள்.

அது என்னுடைய பழைய போன். என் கணக்கை அதிலிருந்து எடுக்காமலே கொடுத்திருந்தேன். அவள் எதைத் தேடினாலும் என் கம்ப்யூட்டரில் தேடும் பெட்டியைத் தொட்டவுடன் வரிசையாக வந்து நிற்கும். அந்தத் திங்கட்கிழமை காலையில் இப்படி நின்றது: சின்ன வயதில் இதய ஓட்டை இருந்தவர்கள் கல்யாணம் செய்யலாமா. இதய ஓட்டை மூடியவர்கள் குழந்தை பெறலாமா. முப்பத்தாறு வயது இதயம் குழந்தை ஆபத்தா.

நானும் தேடிப் பார்த்தேன். வேறு மொழிகளில் மலைபோல் குவிந்து கிடக்கிறது. எல்லாம் ஒரே விஷயத்தைத்தான் சொல்கின்றன. மூடிவிட்டால் பயமில்லை, ஒரு தடவை டாக்டரைப் பார்த்துவிட்டுத் தைரியமாக இருங்கள். நம் மொழியில் அந்தக் கேள்விக்குப் பதில் எழுதி யாரும் போடவில்லை. ஒருவர்கூட. அவள் ஒவ்வொரு விதமாக மாற்றி மாற்றிக் கேட்டுவிட்டு வெறுங்கையோடு திரும்பியிருக்கிறாள்.

அந்த வாரப் பட்டியலில் ஒன்பது தலைப்புகள் இருந்தன. பத்தாவதாக இதை எழுதினேன்.

நாற்பது நிமிடம் ஆனது. பொய் என்று ஒரு வரிகூட எழுதவில்லை என்றுதான் அப்போது நினைத்தேன். மூடிவிட்டதுபோல் தெரிந்தாலும் பலவீனம் உள்ளே இருக்கக்கூடும் என்று எழுதினேன். கர்ப்பத்தை இதயம் தாங்காமல் போகலாம். அறுவைச் சிகிச்சை தேவைப்பட்டால் மயக்க மருந்து கொடுத்த பிறகு சிலர் கண் விழிக்காமலே போய்விடலாம். இத்தகையவர்கள் அமைதியான குடும்பச் சூழலில், பழகிய வேலைகளோடு வாழ்வதே உகந்தது என்று ஆய்வுகள் கூறுகின்றன. எந்த ஆய்வு என்று எழுதவில்லை. யாரும் கேட்பதில்லை. தலைப்பை மட்டும் அவள் கேட்ட வார்த்தைகளிலேயே வைத்தேன். டாக்டரின் புகைப்படத்தோடு புதன்கிழமை வெளிவந்தது. நம் மொழியில் அது ஒன்றுதான் என்பதால் தேடியதும் முதலில் வந்தது.

வெள்ளிக்கிழமை நாலு மணி டீயை வைத்துவிட்டுப் பாப்பா போகவில்லை.

"அண்ணி, எனக்கு இந்தக் கல்யாணம் வேணாம்னு தோணுது."

"ஏன்டி, அவரு எதாவது சொன்னாரா?"

"சேச்சே. அவரு தங்கம். எனக்குத்தான்... உடம்பு."

"டாக்டரப் பாத்தியா?"

"பாத்தேன்," என்றாள்.

எந்த டாக்டர் என்று நான் கேட்கவில்லை. "உன் இஷ்டம் பாப்பா. நான் ஆமான்னும் சொல்ல மாட்டேன், இல்லன்னும் சொல்ல மாட்டேன்," என்றேன். அதுதான் நான் சொன்னது. அவள் தலையை ஆட்டிவிட்டு, போகும்போது கதவைச் சாத்திவிட்டுப் போனாள்.

மெக்கானிக்கிடம் அவள் காரணத்தையும் சொன்னாள். அவர் சண்டை போடவில்லை. "எனக்குப் புள்ள வேணும்னு நான் கேட்டனா? சரி, யோசிங்க. லிஃப்ட்டுக்குக் காத்து நிக்கிறவங்கள தினம் பாக்குறவன் நான், எனக்கும் நிக்கத் தெரியும்," என்றார். நின்றார். ஒன்றரை வருடம், மாதத்துக்கு ஒரு முறை வந்து கூடத்தில் உட்கார்ந்து டீ குடித்துவிட்டு, என் மகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போவார். பாப்பா அவர் சட்டைக்குப் பித்தான் தைத்துக் கொடுப்பாள். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. இப்படியே இருந்தால் யாருக்கு என்ன நஷ்டம் என்று நான் நினைத்ததுண்டு.

அப்படி இருக்கையில் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் பாப்பாவுக்கு வயிற்றுவலி. இரண்டு முறை வாந்தி எடுத்தாள். புதன்கிழமை அடிவயிற்றில் வலது பக்கம் வந்து வலி நின்றுகொண்டது. நிமிர்ந்து நடக்க முடியவில்லை. என் மகள் மெக்கானிக்குக்குப் போன் செய்து சொல்லியிருக்கிறாள். மத்தியானம் இரண்டு மணிக்கு அவர் வந்துவிட்டார். கீழே ஆட்டோ நின்றது.

"எந்திரிங்க பாப்பா. ஆஸ்பத்திரி போயிட்டு வந்துரலாம். குடல்வால்னா ஆபரேஷன் பண்ணித் தூக்கிப் போட்டுருவாங்க. எங்க கம்பெனியில மூணு பேருக்குப் பண்ணியிருக்கு. நாலாம் நாளு ஏணியில ஏறுனாங்க."

"ஆபரேஷன்னா மயக்க மருந்து குடுப்பாங்க. எனக்குக் குடுக்கக் கூடாது."

"யாரு சொன்னா?"

அவள் போனை நீட்டினாள். அவர் வாங்கிப் படித்தார்.

"இது யாரோ எப்பவோ எழுதுன பழசு."

"யாரோ இல்ல. டாக்டர். போட்டோ இருக்கு பாருங்க."

அவர் என்னைப் பார்த்தார். "நீங்க சொல்லுங்கக்கா. நீங்க சொன்னாக் கேப்பாங்க."

பாப்பாவும் என்னைப் பார்த்தாள். 'அது நான் எழுதினது.' மூன்று வார்த்தைகள். நான் ஒரு நாளைக்கு மூவாயிரம் வார்த்தைகள் எழுதுகிறவள்.

"ஒரு நிமிஷம் வரேன்," என்று சொல்லி என் அறைக்குள் போனேன்.

அந்தக் கட்டுரையை அழித்துவிட வேண்டும் என்றுதான் போனேன். இதை நம்புங்கள். திறந்தேன். அழித்தால், எங்கே போயிற்று என்று பாப்பா கேட்பாள். தளத்துக்காரர்களும் காரணம் கேட்பார்கள். முதலிலிருந்து ஒரு தடவை படித்தேன். மூன்றாவது பத்தி கொஞ்சம் இழுத்தது, அதைச் சுருக்கினேன். பிறகு கடைசியில் ஒரு வரி சேர்த்தேன்: ஒவ்வொருவரின் உடல்நிலையும் வேறு என்பதால் உங்கள் மருத்துவரைக் கலந்து ஆலோசிக்கவும். இதைப் படித்தால் போய்விடுவாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு சேமித்தேன். மொத்தம் ஆறு நிமிடம்.

அந்தத் தளத்தில் எதைத் தொட்டுச் சேமித்தாலும் கட்டுரையின் தலையில் தேதி மாறும். 'கடைசியாகப் புதுப்பிக்கப்பட்டது' என்று அன்றைய தேதி வந்து உட்காரும். பழைய கட்டுரை என்று யாரும் ஒதுக்கிவிடக்கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு.

நான் வெளியே வந்தபோது பாப்பா போனை அவர் முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"பழசுன்னு சொன்னீங்களே. இங்க பாருங்க. இன்னைக்குத் தேதி. டாக்டர் இப்பத்தான் மறுபடியும் பாத்துப் போட்டிருக்காரு."

அவர் நல்ல மனிதர், கடைசி வரி வரைக்கும் படித்தார். "கீழ பாருங்க, உங்க டாக்டரக் கேளுங்கன்னு போட்டிருக்கே."

"அது எல்லாத்துலயும் கீழ போடுறதுதான்," என்றாள் பாப்பா.

அவள் சொன்னது சரிதான்.

தேதி மாறும் என்பதை நான் மறந்துவிட்டதாக உங்கள் ரைட்டர் எழுதியிருக்கிறார். என் மேல் இரக்கப்பட்டு எழுதினாரோ என்னவோ. அதை அடித்துவிடச் சொல்லுங்கள். பதினோரு வருடமாக இந்த வேலை செய்கிறவள் அதை மறக்க மாட்டாள்.

ஏன் என்று நீங்கள் மூன்று முறை கேட்டீர்கள். அந்த வாரம் பட்டியலில் பன்னிரண்டு தலைப்புகள். மகளுக்குப் பள்ளி விடுமுறை. பாப்பா ஆஸ்பத்திரியில் படுத்தால் பத்து நாள். அதற்குப் பிறகு அவள் பிழைத்து எழுந்து, மயக்க மருந்து தன்னை ஒன்றும் செய்யவில்லை என்று தெரிந்துகொண்டால், அடுத்த மாதமே மாலை மாற்றிக்கொண்டு போய்விடுவாள். இதையெல்லாம் அப்போது வரிசையாக யோசித்தேனா என்றால் இல்லை. எனக்குக் களைப்பாக இருந்தது. வயிற்றுவலி மூன்று நாளில் சரியாகும் என்று எத்தனையோ தடவை நானே எழுதியிருக்கிறேன்.

மெக்கானிக் ஆட்டோவை அனுப்பிவிட்டு ஆறு மணி வரை கூடத்தில் உட்கார்ந்திருந்தார். அவளைத் தூக்கிக்கொண்டு போயிருக்கலாம். ஆனால் அவர் அந்த வீட்டுக்கு இன்னும் யாரும் இல்லையே, எந்த உரிமையில் தூக்குவார்? நான் வெந்நீர்ப் பை வைத்துக் கொடுத்தேன். கால் பிடித்துவிட்டேன். போனில் கேட்ட என் வீட்டுக்காரரிடம், கொஞ்சம் வயிற்றுவலி, பரவாயில்லை என்றேன்.

வியாழக்கிழமை காய்ச்சல் வந்தது. வெள்ளிக்கிழமை காலையில் அவளே கூப்பிட்டாள்.

"வலி விட்டுருச்சு அண்ணி. பாத்தீங்களா, போகாதது நல்லதாப் போச்சு."

எனக்கு உயிர் வந்தது. அன்று நான்கு கட்டுரைகள் முடித்தேன். உள்ளே அது வெடித்தால் கொஞ்ச நேரம் வலி விட்டதுபோல் இருக்குமாம். சர்ஜன் பிறகு சொன்னார். டாக்டர் என்ற பெயரில் எழுதியவளுக்கு அது தெரிந்திருக்கவில்லை.

சனிக்கிழமை என் வீட்டுக்காரர் வந்தார். தங்கையைப் பார்த்தார். பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. போர்வையோடு அள்ளிக்கொண்டு ஓடினார். அவள் அரை நினைவில் மயக்க மருந்து வேண்டாம், வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே போனாள்.

ஆபரேஷன் முடிந்து அன்று சாயங்காலம் அவள் கண் விழித்தாள், மேடம். நான்தான் பக்கத்தில் இருந்தேன். கண்ணை இரண்டு மூன்று முறை மூடி மூடித் திறந்தாள். உதடு காய்ந்து போயிருந்தது.

"முழிச்சுட்டேன் அண்ணி," என்றாள். கொஞ்சம் சிரித்தாள். "அந்த டாக்டர் தப்பா எழுதிட்டாரு. அவர்கிட்ட சொல்லுங்க."

மெக்கானிக்கைத்தான் அவர் என்றாள். அவர் வெளியே வராந்தாவில்தான் நின்றிருந்தார். நான் போய்ச் சொல்லவில்லை. பேசக்கூடாது, தூங்கு என்றேன். ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அவளுக்கு நினைவில்லை. விஷம் ரத்தத்தில் கலந்துவிட்டது என்றார்கள். திங்கட்கிழமை காலையில் போய்விட்டாள். சர்ஜன் என் வீட்டுக்காரரிடம் சொன்னதை நான் கேட்டேன். "செவ்வாய், புதன்ல வந்திருந்தா இது பெரிய விஷயமே இல்லைங்க. இருதயம் அருமையா இருந்துச்சு. கடைசி வரைக்கும் தாங்குனது அது ஒண்ணுதான்."

அப்புறம் நடந்தது உங்களுக்குத் தெரியும். மெக்கானிக் லிஃப்ட் பார்க்கும் ஆஸ்பத்திரிகள் எட்டு. எட்டிலும் அந்த டாக்டரின் பெயரைச் சொல்லி விசாரித்திருக்கிறார். அப்படி யாரும் இல்லை. ஒரு நர்ஸ் போட்டோவைப் பார்த்துவிட்டு, இந்த ஆளை எங்கேயோ திரைச்சீலை விளம்பரத்தில் பார்த்திருக்கிறேனே என்று சிரித்திருக்கிறாள். அவர் நேராக உங்களிடம் வந்தார். நீங்கள் தளத்துக்கு எழுதினீர்கள். அவர்கள் என் பெயரைக் கொடுத்தார்கள். பதினோரு வருடத்தில் என் பெயரை அவர்கள் எழுதியது அதுதான் முதல் முறை.

என் வீட்டுக்காரர் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "அவகிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?" களைப்பாக இருந்தது என்றேன்.

ஆகவே, நீங்கள் கேட்டபடி தெளிவாக எழுதுகிறேன். பாப்பா கல்யாணம் செய்துகொள்ளாமல் இருந்தது நான் எழுதியதால். அவள் ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருந்தது நான் எழுதியதால். புதன்கிழமை மத்தியானம் அவளைக் காப்பாற்றும் வார்த்தை என் வாயில் இருந்தது. தெரிந்தேதான் அதைச் சொல்லாமல் விட்டேன். இதை யாரும் என்னை மிரட்டி வாங்கவில்லை. கையெழுத்துப் போட்டுவிடுகிறேன்.

இன்னும் ஒன்று. தளத்துக்காரர்கள் அனுப்பிய அந்தக் கணக்குத் தாளைக் காலையில் நீங்கள் காட்டினீர்கள். ஒன்றரை வருடத்தில் அந்தக் கட்டுரை நூற்றிரண்டு முறை திறக்கப்பட்டிருக்கிறது. அதில் தொண்ணூற்றாறு முறை ஒரே போன். அந்தச் செவ்வாயிலிருந்து சனி வரை மட்டும் முப்பத்தொன்று. பொதுவாக எங்கள் கட்டுரைகளை ஜனங்கள் இருபது வினாடி பார்த்துவிட்டுத் தள்ளிவிடுவார்கள். அவள் ஒவ்வொரு முறையும் கடைசி வரி வரைக்கும் வந்திருக்கிறாள். வழக்கு முடிந்த பிறகு அந்தத் தாளின் ஒரு நகல் எனக்குக் கிடைக்குமா, மேடம்? என்னை இவ்வளவு கவனமாக வேறு யாரும் படித்ததில்லை.